மிளகாய் எண்ணெயும் என் பிரிவுபசார விழாவும்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். நான் நலம் என்பதை மட்டும் உட்கார்ந்து எழுத முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். தாங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன், ஏனென்றால் தங்களிடம் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.

இடுப்பு வலிக்குக் கைகண்ட மருந்தென்று தாங்கள் எழுதியனுப்பிய முறைப்படியே காய்ந்த மிளகாய், மிளகு, கிராம்பு மூன்றையும் நல்லெண்ணெயில் பத்து நாள் ஊறப்போட்டேன். வெள்ளிக்கிழமை எனக்குப் பிரிவுபசார விழா. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் மேடையில் கூன் போட்டா நிற்பது என்று, காலையில் ஒரு கரண்டி எடுத்து இடுப்பு முழுக்கத் தேய்த்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டேன். உங்க தங்கை தலையில அடிச்சுக்கிட்டா. "முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்க, அப்புறமா வெறும் எண்ணெய் நிறைய கலந்து தேய்க்கலாம்"னு சொன்னா. "உங்க அண்ணன் அப்படி எழுதலையே"ன்னேன். எழுதியிருக்கீங்க மச்சான், பின்பக்கத்துல! முன்பக்கத்துல 'திருப்பிப் பார்க்க'ன்னு போட்டா பேனா தேஞ்சுடுமா?

மேடை ஏறினப்போ லேசான சூடு. மேனேஜர் பேச ஆரம்பிச்சப்போ இடுப்புல அடுப்பு மூட்டின மாதிரி. வேர்வையைத் துடைக்கிறேன்னு அதே கையால கண்ணைத் துடைச்சுட்டேன். பொலபொலன்னு கண்ணீர். நெளியறேன், முனகறேன், பேச்சு வரலை. "ஐயோ, மனுஷனுக்கு எவ்வளவு பாசம்!"னு கூட்டமே மூக்கை உறிஞ்சுது. பன்னிரண்டு வருஷமா என்னோட மெமோவுல மட்டுமே பேசின மேனேஜர் ஓடிவந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் தன் கண்ணைத் துடைச்சார். அவருக்கும் பொலபொல! அழுதுகிட்டே மைக்கைப் பிடிச்சு, "இவரை அனுப்ப மனசு வரலை, இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டும்"னு அறிவிச்சுட்டார். வேண்டாம் வேண்டாம்னு நான் தலையாட்டினதை அடக்கம்னு நினைச்சுக் கைதட்டினாங்க.

தொழிற்சாலை நர்ஸம்மாதான் கண்ணுல கால் மணி நேரம் தண்ணி விட்டு, இடுப்பை வெறும் எண்ணெய் போட்டுத் துடைச்சு, அப்புறம் சோப்பு போட வச்சாங்க. "மசாலா எண்ணெயைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாம கண்ணுகிட்ட கொண்டுபோவாங்களா?"ன்னு ஒரே திட்டு. பேத்தியைப் பார்க்கப் போகலாம்னு பெட்டி கட்டி வச்சிருந்த உங்க தங்கை அன்னையிலேருந்து என்கூடப் பேசறதில்லை. திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், அது பாசம் இல்லை, மிளகாய்தான் என்று உடைத்துச் சொல்லிவிடப்போகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லவும். தங்களுக்கு எதைச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்,

தங்கள் தங்கை கணவர்.

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும்போது மேனேஜர் ஃபோன் பண்ணினார். கண்ணு எரிஞ்சப்பவே அது மிளகாய்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சாம். "என் கண்ணுலயும் மிளகாயைப் பூசிட்டீங்களே, அந்தக் கோபத்துல போட்ட தண்டனைதான் ஐயா அந்த ஒரு வருஷம். அதெல்லாம் வேண்டாம், நீங்க கிளம்புங்க. அந்த எண்ணெய் மட்டும் கொஞ்சம் கொடுங்க"ன்னார். எதுக்குன்னு கேட்டேன். "அடுத்த மாசம் எனக்கும் பிரிவுபசார விழா. எனக்காக யாரு அழப்போறாங்க?"ன்னார். எண்ணெய் வேண்டாம் சார், நானே வந்து அழறேன்னு சொல்லிட்டேன்.