அப்பாவின் கட்டிலுக்கு மறுவாழ்வு

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்டடைந்த மாபெரும் உண்மை, பழைய மரத்தைச் சுவரில் பதித்தால் வீட்டுக்கு வரலாறு வந்துவிடும் என்பதே. ஓர் அலுவலக மேலாளருக்கு இந்த உண்மை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் புலப்பட்டது. பத்தேகாலுக்கெல்லாம் 'வீட்டுப் புதுப்பிப்புக் குழு' கூடிவிட்டது. தலைவர் அவர், செயலாளர் மனைவி, அப்பா சிறப்பு அழைப்பாளர். அப்பாவுக்குப் பேச உரிமை உண்டு, வாக்குரிமை கிடையாது.

"முப்பது வருஷத்துக்குக் குறையாத மரமா இருக்கணும்" என்றார் தலைவர். வீட்டில் அந்தத் தகுதி பெற்றது அப்பாவின் தேக்குக் கட்டில் ஒன்றுதான்.

அப்பா மூட்டுவலிக்காரர். தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். அந்தக் கட்டிலின் உயரம் இருந்ததால்தான் யார் தயவும் இல்லாமல் காலையில் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்.

"அது நான் படுக்கிற கட்டில்டா" என்றார். கருத்து பதிவு செய்யப்பட்டது.

மறுநாள் தச்சர் வந்து கட்டிலைத் தட்டிப் பார்த்தார்.

"கிண்ணுனு இருக்கே சார். இதை எதுக்கு உடைக்கணும்?"

"உடைக்கலை. மறுவாழ்வு குடுக்கறோம்."

"இப்பவே உயிரோடதானே சார் இருக்கு?"

இப்படிப்பட்டவர்களால்தான் உலகம் முன்னேறாமல் கிடக்கிறது. தரையில் கிடந்தால் அது சாமான், சுவரில் ஏறினால் 'பாரம்பரியம்' என்று மேலாளர் பொறுமையாக விளக்கினார். தச்சர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். ரம்பம் வேலையைத் தொடங்கியது.

"எனக்கு வேற கட்டில்?" என்று அப்பா கேட்டார்.

"பரிசீலனையில இருக்கு மாமா" என்றாள் மருமகள். அதுவரைக்கும் ஒரு பாய் ஒதுக்கப்பட்டது.

ஒரு மாதத்தில் கூடத்துச் சுவர் பளபளத்தது. நடுவில் பித்தளைத் தகடு. அலுவலகப் பழக்கம் விடுமா? வாசகத்தை மேலாளரே எழுதியிருந்தார்: 'அப்பாவின் கட்டில். நாற்பதாண்டு சேவையின் நீங்கா நினைவாக.'

பார்க்க வந்த அலுவலக நண்பர்கள் தகட்டைப் படித்ததும் முகம் வாடினார்கள்.

"அப்பா எப்ப தவறினார் சார்? ஒரு வார்த்தை சொல்லலையே" என்று ஒருவர் மேலாளரின் தோளைத் தொட்டார். எல்லோரும் தலைகுனிந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். மேலாளரும் நின்றார். சபை மரியாதை தெரிந்தவர்.

அந்த மௌனத்தில்தான் உள்ளறைத் தரையிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் இல்லைங்க. காலையிலேருந்து எழுந்திரிக்கப் பாக்கறேன். யாராவது ஒரு கை குடுங்க."