பீட்டாக்கா வைத்த தீ

ஜெயிக்க விளையாடுகிறவர்கள் உண்டு. பொழுது போக விளையாடுகிறவர்கள் உண்டு. விளையாட்டே மூச்சடைத்து விழ வேண்டும் என்று விளையாடியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். புதுக்கோட்டையில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் பீட்டாக்கா.

பகலில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் ராஜ்ஜியப் பரிசோதனை. போனில் கோட்டை கட்டி, படை திரட்டி, வியூகம் வகுத்து ஆடும் புது விளையாட்டுகளை விற்பனைக்கு விடும் முன், ஓட்டை எங்கே இருக்கிறதென்று பார்க்கச் சொல்லிச் சிலருக்குக் கொடுப்பார்கள். அந்தச் சோதனைப் பதிப்புக்குப் பீட்டா என்று பெயர். அக்காவின் சொந்தப் பெயர் விடுதியில் ஒருவருக்கும் நினைவில்லை.

ஊரைப் பிடிக்கச் சொன்னால் குதிரைப்படையைக் கடலுக்குள் இறக்குவார். ரசத்தைப் பிசைந்துகொண்டே, "என் யானை பூராவும் செவுத்துக்குள்ள போயி மாட்டிக்கிருச்சு" என்று கவலைப்படுவார். "ஊரக் கொளுத்திட்டுத்தான் குளிக்கப் போகணும்" என்று அவர் போனில் சொன்னதைக் கேட்ட ஒரு புதுப் பெண், கொண்டுவந்த பெட்டியைத் திறக்காமலே வார்டனம்மாவிடம் ஓடினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா இட்லியைத் தொடவில்லை. ஆறு ராஜாக்களின் படையும் ஒரே பாலத்தில் ஏறினால் விளையாட்டு உறைந்து நின்றுவிடுகிறது என்று கம்பெனிக்கு எழுதியிருந்தார். எங்களுக்கு அப்படி நடக்கவில்லை, இன்று மாலைக்குள் வீடியோ அனுப்பாவிட்டால் உங்களைச் சோதனைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவோம் என்று பதில் வந்திருந்தது.

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க, விடுங்கக்கா" என்றேன்.

"அதுக்கில்ல. நாளைக்கு எவளோ ஒருத்தி பாத்துப் பாத்துக் கட்டுன கோட்டை அப்படியே நின்டு போச்சுன்னா, அவ மனசு என்ன பாடுபடும்?"

முகம் தெரியாத அந்த ஒருத்திக்காக அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் என் போனை நீட்டினேன்.

நான், நர்ஸ் ஸ்டெல்லா, ஜவுளிக்கடைத் தோழிகள் இருவர், அக்கா. ஐந்து ராஜாக்கள் சேர்ந்தாயிற்று. மற்றவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தது வார்டனம்மா மட்டும். ஊசி குத்தும் முன் நோயாளியிடம் பேசும் அதே குரலில் அக்கா அவரைக் கேட்டார். "ஒண்ணும் பண்ணாதும்மா. செத்த நேரந்தான்."

வார்டனம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வானம் கறுத்து வந்தது. மழை வந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் வைஃபை போகும். வைஃபை போனால் ராஜ்ஜியமே போகும். ஸ்டெல்லாவோ டூட்டிக்குக் கிளம்ப வேண்டியவள், செருப்பை மாட்டியபடியே படை நடத்தினாள். எங்கள் ஐந்து படைகளும் பாலத்தில் ஏறி நின்றன. ஆறாவது படையைக் காணவில்லை.

"அம்மா, பாலத்துக்கு வாங்க" என்றார் அக்கா.

"நெல்லு பால் புடிச்சிருக்கு. இப்பப் போயி யாராச்சும் ஆள அங்கிட்டு அனுப்புவாகளா?"

எங்களோடு தினமும் சண்டை போட்ட வார்டனம்மா, கையில் ஒரு படையே இருந்தும், விளையாட்டுக்குள் வயல் போட்டு அத்தனை சிப்பாய்களையும் களையெடுக்க விட்டிருந்தார். கெஞ்சினோம். "அறுப்பு முடியட்டும்டீ" என்பதே பதில். முதல் துளி ஜன்னலில் விழுந்தது. டியூப்லைட் ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது.

"அக்கா, நான் போயே ஆகணும்" என்றாள் ஸ்டெல்லா.

அக்கா திரையில் விரலை ஓட்டினார். அவருடைய குதிரைகள் பாலத்தைவிட்டு இறங்கி ஓடின. எதற்கென்று எங்களுக்குப் புரியும் முன் வார்டனம்மாவின் வயல் பற்றி எரிந்தது.

வார்டனம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என் வயலுக்கா தீ வைக்கிற?"

அதன்பின் நான் பார்த்த ஆவேசத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. அவருடைய படை முழுவதும் அரிவாளோடு அக்காவின் குதிரைகளைத் துரத்தியது. குதிரைகள் பாலத்தில் ஏறின. பின்னாலேயே வார்டனம்மாவின் படையும் ஏறியது.

ஆறு போன்களும் உறைந்து நின்றன.

"எங்கிட்டுப் போனா அவ? ஏன் நகர மாட்டேங்குது?" என்று வார்டனம்மா திரையைக் குத்திக்கொண்டிருந்தார். அக்கா பதிவான வீடியோவைச் சரிபார்த்து அனுப்பினார். "போயிருச்சு" என்று அவர் சொன்ன சற்று நேரத்தில் கரண்ட் போனது. ஸ்டெல்லா குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் கம்பெனி ஓட்டையை ஒப்புக்கொண்டு நன்றி சொன்னது. அக்கா குழுவில் நீடித்தார். வார்டனம்மாதான் அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை.

"வெளையாட்டுத்தானேம்மா" என்று நான் சமாதானம் சொல்லப் போனேன்.

"வெளையாட்டா இருந்தாலும் வெளஞ்ச நெல்லுடீ."

அக்கா அவர் அறை வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

பிறகு அக்காவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. எனக்குக் கல்யாணமாகி ஆலங்குடிக்கு வந்துவிட்டேன். போன வாரம் அக்கா திடீரென்று அழைத்தார். "ஏன்டீ, ஞாயித்துக்கெழம சும்மாதான இருப்ப?"

அந்த ஞாயிறுதான் என் நாத்தனார் வீட்டில் கிரகப்பிரவேசம்.

"சும்மாதான்க்கா இருக்கேன்" என்றேன்.