மைத்துனன் ஊற்றிக் கொடுத்த மூலிகைப் புகை

செட்டிகுளம்,
வியாழக்கிழமை.

அரியலூரில் எண்ணெய் வியாபாரம் செய்யும் என் மைத்துனன் அறிவழகனுக்கு, உன் அக்கா மலர்க்கொடியின் வீட்டுக்காரன் உத்திராபதி எழுதுவது. மலைமேல் இருக்கும் முருகன் அருளால் உன் மனைவி மஞ்சுவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உனக்காக முருகனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது நீ என்ன சொன்னாய்? "டீசலைத் தூக்கிப் போடுங்க மாமா. இது செடி எண்ணெய், பயோடீசல். புகையே மூலிகைப் புகைதான். பச்சப்புள்ளயக்கூடப் பக்கத்துல படுக்க வைக்கலாம்" என்றாய். நானும் நம்பி நீ கொடுத்த கேன் எண்ணெயை என் வெங்காய வண்டியில் ஊற்றினேன். மறுநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் தெரு முழுக்க பஜ்ஜி வாசனை. எதுத்த வூட்டு ஆண்டாயி கையில தட்டோட வந்து, "என்னண்ணே விசேஷம்?"னு நிக்கிது. பாடாலூர் போற வழியெல்லாம் நாய் துரத்துது. அங்க யாவாரி மூட்டைய மோந்து பாத்துட்டு, "ஏற்கெனவே வதக்கிட்டீங்களா?"ன்னு கேக்குறான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன்யா.

ஆனா உன் அக்கா வாசல்ல, வண்டிக்குப் பின்னாலதான் உக்காந்து வெங்காயத்தோட காஞ்ச தாளை அறுப்பா. எஞ்சின் சூடேறட்டும்னு நான் கொஞ்ச நேரம் உறும விடுவேன். பத்து நாள்கூட ஆவல, இருமல் வந்துடுச்சு. நான் வேற, "நல்லா இழுத்து விடு புள்ள, மூலிகை"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். போன வாரம் ஒருநாள் என்னைத் திட்டக்கூட மூச்சில்லாம சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ என்னைத் திட்டாத காலை அது ஒண்ணுதான். உடனே அவளைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில மூக்குல மாஸ்க் மாட்டி மருந்து விட்டாங்க. "செடி எண்ணெய்ப் புகைதாங்க, ஒண்ணும் பண்ணாது"ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. "பீடியும் இலைதானே சார்? எஞ்சின்ல எதை எரிச்சாலும் கண்ணுக்குத் தெரியாத பொடி நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கும். நீ செடியிலேர்ந்து வந்தியா, பூமிக்குள்ளேர்ந்து வந்தியான்னு நுரையீரல் விசாரிக்காது"ன்னாங்க. நர்சுங்க எல்லாம் சிரிச்சுதுங்க. அவமானம் எனக்கு!

அங்கேர்ந்து நேரா மெக்கானிக் ராஜதுரைகிட்ட வண்டிய விட்டேன். பில்டரைக் கழட்டிப் பாத்துட்டு, "அண்ணே, இது பயோடீசலே இல்ல. பலகாரக் கடையில பொரிச்சு மிஞ்சின எண்ணெய். உள்ள உளுத்தம்பருப்பு கெடக்கு"ங்கறான். உனக்குப் போன் போட்டா நீ என்ன சொன்ன? "அக்காவுக்குச் சின்ன வயசுலேர்ந்தே சளி உடம்பு மாமா." சளி உடம்பாம்! ஏன்யா, சளி உளுத்தம்பருப்பாவா வரும்?

உன் எண்ணெயை ஒரு சொட்டு விடாம வடிச்சு வச்சிட்டேன். கேனை வந்து எடுத்துக்கிட்டுப் போ. அன்னிக்கு வண்டிக்குப் பின்னால ஒரு டீ குடிக்கிற நேரம் நின்னு மூச்சு விட்டுட்டுப் போ. அதுக்கப்புறம் நான் உனக்கு மாமா, நீ எனக்கு மைத்துனன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மஞ்சுவுக்கு அன்பு. உனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உத்திராபதி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில போட்டுட்டு, பங்க்ல வாங்கின நல்ல டீசலை ஊத்தி வாசல்ல ஸ்டார்ட் பண்ணினேன். உன் அக்காவுக்கு அதே இருமல்! டாக்டரம்மாகிட்ட ஓடுனா, "நான் எல்லாப் புகையையும்தானே சார் சொன்னேன்?"ங்கறாங்க. அப்ப இவ்வளவு நேரம் உன்னைத் திட்டினதுல பாதிய நான் திருப்பி எடுத்துக்கணும் போல. உன் அக்காவுக்கு இப்ப திட்டுற அளவுக்கு மூச்சு வந்துடுச்சு. "எந்த எண்ணெயா இருந்தா என்னய்யா, வூட்டு வாசல்ல ஏன் உறும விடுற? தெருமுனைக்குத் தள்ளிக்கிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணு!"ன்னுட்டா. மூட்டை களவு போயிடும்னு ராத்திரி வண்டிய அங்க நிறுத்தவும் முடியாது. தள்ளித் தள்ளி இடுப்பு விட்டுப்போச்சு. ஞாயித்துக்கிழமை அவசியம் வா, சண்டைக்கு இல்ல. பின்னாலேர்ந்து தள்ள ஒரு ஆள் வேணும்.