பதினேழாவது சான்றிதழ்

வேலை செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், வேலை தேடுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இப்போது பெருகிவருகிறது: வேலைக்குத் தயாராகிக்கொண்டே இருக்கிறவர்கள்!

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதில் அசல் சரக்கு. பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில் இருபது வருஷம் மெஷின் ஓட்டியவர். தொழிற்சாலையை மூடினார்கள். "காலம் மாறிப்போச்சு, நாமளும் மாறணும்" என்றார். மாறினார் பாருங்கள், அப்படி ஒரு மாற்றம்! தேனீ வளர்ப்பு, முடி திருத்துதல், ட்ரோன் பறக்கவிடுதல், வாடிக்கையாளரிடம் புன்னகைத்தல் (மூன்று நாள், மதியச் சாப்பாடு உண்டு) என்று அகப்பட்ட வகுப்பிலெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து, குறிப்பெடுத்து, கடைசி நாள் குரூப் போட்டோவில் நடுநாயகமாக நின்று, சான்றிதழை அன்றைக்கே லேமினேட் செய்து சுவரில் மாட்டிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார். தேனீ வளர்த்தாரா? ஓர் ஈயைக்கூட வளர்க்கவில்லை. முடி திருத்தினாரா? அவர் தலையே காடாகக் கிடக்கிறது. கேட்டால், "அடிப்படைதானே முடிச்சிருக்கேன்? அட்வான்ஸ் முடிக்காம கத்தரியைத் தொடலாமா?" என்பார்.

சுவர் நிரம்பியது. பதினாறாவது சான்றிதழ் ஜன்னலை அடைத்துக்கொண்டு தொங்கியது. அது 'இயற்கை வெளிச்சத்தைப் பயன்படுத்துவது எப்படி' என்ற வகுப்பில் வாங்கியது.

அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து துணி தைத்துத்தான் அவர் மனைவி குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார், பாவம். "ஏங்க, ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியலைங்க. நீங்க ஒரு வேலைக்குப் போனா நான் இதை விட்டுடுவேன்."

"போகத்தானே இவ்வளவும் படிக்கிறேன்!"

ஒரு செவ்வாய்க்கிழமை பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். "அண்ணே, வாளி மெஷின் மறுபடி ஓடப்போகுது. வியாழக்கிழமை காலையில நேர்காணல், சும்மா பேருக்குத்தான். வந்து நின்னா போதும்."

"வியாழக்கிழமையா? அன்னிக்கு 'நேர்காணலுக்குப் போவது எப்படி' கடைசி வகுப்பாச்சே! போகலைன்னா சான்றிதழ் தரமாட்டாங்க தம்பி."

மனைவி போனைப் பிடுங்கினார். "தம்பி, நான் வரட்டுமா?"

"உங்களுக்கு மெஷின் தெரியுமா அண்ணி?"

"வாளி அச்சுல ஒட்டிக்கிட்டா வலப்பக்கம் கீழே ரெண்டு தட்டு. சூடு ஏறினா சிவப்பு விளக்கு எரியுறதுக்கு முன்னாடியே ஒரு முனகல் கேக்கும். இருபது வருஷமா சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வேற என்ன பேசினாரு இந்த மனுஷன்?"

வியாழக்கிழமை இருவரும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். அவர் வகுப்பில் முதலிடம் வாங்கினார். அந்த அம்மா வேலை வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலில் தொங்கியதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "நாளையிலேர்ந்து சமையல் உங்க பொறுப்பு" என்றார்.

நம்மவர் பதறவில்லை. "திங்கட்கிழமை சமையல் வகுப்பு ஆரம்பிக்குது. அதை முடிக்காம அடுப்பைத் தொடலாமா?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால், 'நல்ல விஷயம், எடுத்து வைப்போம், ஆற அமர இன்னொரு தடவை படிச்சிட்டு அப்புறம் ஆரம்பிக்கலாம்' என்று இப்போது நினைத்தீர்களே, அந்த வகுப்பில் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.