வர விருப்பமா என்று கேட்பவர்

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. இவர்கள் யாருக்கும் உத்தரவு போடமாட்டார்கள், கேள்விதான் கேட்பார்கள். ஜன்னலைச் சாத்து என்று சொல்ல வேண்டிய இடத்தில், "இங்கே கொஞ்சம் குளிராக இருக்கிறது, இல்லையா?" என்பார்கள். நீங்களும் "ஆமாம், குளிர்தான்" என்று ஒத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் முகம் சுருங்கிவிடும். இங்கிலீஷில் அதுதான் மரியாதையாம். இருக்கட்டும். யார் வேண்டாமென்றது?

புனேயில், கராடியிலுள்ள ஒரு மென்பொருள் கம்பெனியின் டீம் லீடர் பாலசுப்ரமணியன் இந்த இனத்தில் முதல் தரம். கோயம்புத்தூர்க்காரர். "அந்த ஃபைலை அனுப்புங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், இரண்டு வருஷம் லண்டனில் வேலை பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சிரமமில்லை என்றால், நேரமும் வாய்த்தால், அந்த ஃபைலை அனுப்புவது பற்றி யோசிக்க முடியுமா?" என்று கேட்பவராகத் திரும்பி வந்தார். வீட்டிலும் இதே கதை. "இப்போது ஒரு காபி குடித்தால் எப்படி இருக்கும் ரோஹிணி?" என்பார் மனைவியிடம். "நல்லாத்தான் இருக்கும். எனக்கும் சேர்த்துப் போட்டுடுங்க" என்பாள் அவள். போடுவார்.

ஆபீசில் அபினவ் போன்ற பழைய ஆட்களுக்குப் பிரச்சினை இல்லை. அவர் கேள்வி கேட்டால் கட்டளை. "சுவாரசியமான யோசனை" என்றால் குப்பையில் போடு. "நோ பிராப்ளம்" என்றால் பெரிய பிராப்ளம். மனப்பாடம் செய்திருந்தார்கள்.

புஷ்ராவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. காயல்பட்டினத்துப் பெண். வாப்பாவுக்குப் புனேயிலேயே, போசரியில் கடை. வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம். ஒரு வியாழக்கிழமை பாலசுப்ரமணியன் அவள் மேஜையருகே வந்து, புன்னகையோடு, இங்கிலீஷில் கேட்டார்: "சனிக்கிழமை ஆபீசுக்கு வந்து அந்த ரிப்போர்ட்டை முடித்துக் கொடுக்க விருப்பமா?"

புஷ்ரா நியாயமாக யோசித்தாள். சனிக்கிழமை காலையில் அக்கா தஸ்லீமைப் பெண் பார்க்க வருகிறார்கள். விருப்பமா என்றால், இல்லைதான்.

"இல்லை சார், தேங்க்ஸ்."

"நோ பிராப்ளம்!"

சனிக்கிழமை அவர் ஆபீசில் காத்திருந்தார். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. அவரைப் பொறுத்தவரை உத்தரவு போட்டாயிற்று, மறுத்ததற்குக் கோபித்துக்கொண்டும் ஆயிற்று; இதற்குமேல் ஒரு பெண் வராமல் இருப்பாளா? இருந்தாள். திங்கட்கிழமை ரிப்போர்ட் போய்ச் சேரவில்லை. மேலதிகாரி எந்தக் கேள்வியும் கேட்காமல் சுத்தமான ஹிந்தியில் திட்டினார். அந்தச் சூட்டோடு சூடாக பாலசுப்ரமணியன் புஷ்ராவின் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதினார்: "சொன்ன வேலையைச் செய்ய மறுத்தார்."

படிவம் அவள் பார்வைக்கும் போகும். மறுநாள் காலை அவர் அறைக்குள் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"சார், தமிழ்லயே பேசலாமா?"

"ஷ்யூர்."

"நீங்க எப்ப சார் சொன்னீங்க?"

"ஏன், வியாழக்கிழமை..."

"அன்னைக்குக் கேட்டீங்க சார். விருப்பமான்னு கேட்டீங்க, இல்லைன்னேன். வந்தே ஆகணும்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள சாயங்காலமா வரச் சொல்லியிருப்போம், அவ்வளவுதானே? இப்ப இந்த ஒரு வரியால என் வேலை போயிடும் சார்."

பாலசுப்ரமணியன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பி, அந்த வரியை அவள் பார்க்கவே அழித்தார்.

"தப்பு என்னோடதுங்க" என்றார். லண்டனிலிருந்து திரும்பிய பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் நேர் வாக்கியம் அது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த இனத்துக்கு அது முடியாது. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய குஷியில் அவருடைய இங்கிலீஷ் திரும்ப வந்துவிட்டது: "யூ மஸ்ட் கம் ஹோம் ஃபார் லன்ச் சம்டைம்! குடும்பத்தோடு!" கராடியில் தினம் ஐநூறு பேர் இப்படி அழைக்கிறார்கள். இதுவரை ஒரு வீட்டிலும் அடுப்பு எரிந்ததில்லை.

புஷ்ரா போனை எடுத்துக் காலண்டரைத் திறந்தாள். "என்னைக்கு சார்?"

"ஞாயிற்றுக்கிழமை" என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

வந்தார்கள். ஆறு பேர், தஸ்லீமுக்குச் சம்பந்தம் கூடிவந்த சந்தோஷத்தில், ஒரு தூக்குச்சட்டி நிறையத் தித்திக்கும் வட்டலப்பத்தோடு. தன்னைக் கேட்காமல் விருந்துக்கு அழைத்ததற்காக முந்தின நாள் முழுதும் கணவரோடு பேசாமல் இருந்த ரோஹிணி, புஷ்ராவின் உம்மா தட்டை நீட்டி, "ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா" என்றதும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் ரசத்தை யாராவது இரண்டாம் தடவை கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. புறப்படும்போது உம்மா, "வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நம்ம வீட்ல சாப்பாடு, வந்துரணும்" என்றார். அவ்வளவுதான் அழைப்பு. நாள், மணி, இடம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் லிஃப்டில் நாலாவது மாடிக்காரரிடம், "ஒரு நாள் சாவகாசமாகச் சந்திக்கலாமே!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது யார்? அவர் உங்கள் வீட்டு நம்பரை வாட்ச்மேனிடம் விசாரித்துக்கொண்டிருந்தாராம். எதற்கும் இன்றைக்கு ஓர் ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போட்டு வையுங்கள்.