கையெழுத்து வாங்க வந்தவள்

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் ரயில் பாதையை ஒட்டிய பழைய கிடங்குக்குள் இருந்தவர்கள்: தலைவி கல்லறை கார்லா, பயிற்சி கொடுக்கும் சுத்தியல் சிபில், அணியைச் சேர்ந்த இன்னும் பதினோரு பெண்கள், அதில் ஒருத்திக்கு முன்பல் இல்லை, வாசலில் மடக்கு நாற்காலி போட்டுப் புள்ளிக் கணக்கு எழுதும் எல்வுட் என்ற கிழவர், இவர்களோடு, வந்திருக்கவே வேண்டாத பெர்னடெட் க்ரூபா.

பெயர்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு மோதி விளையாடும் ரோலர் டெர்பி ஆடுகிறவர்கள் வீட்டில் வைத்த பெயரை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, ஆளுக்கொரு பயங்கரப் பெயரை மாட்டிக்கொள்வார்கள். அதற்கப்புறம் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கல்லறை கார்லா யாரையும் புதைத்ததில்லை. அதுவரை.

பெர்னடெட்டுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்து. கிடங்கின் சொந்தக்காரக் கம்பெனியில் அவள் எழுத்தர். கிடங்கில் சத்தம் தாங்க முடியவில்லை என்று பெயர் போடாமல் யாரோ புகார் எழுதியிருந்தார்கள். முப்பது நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் தயார். தலைவி அதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான் முப்பது நாள் ஓடும்.

"அஞ்சு நிமிஷ வேலை. வாங்கிட்டு ஓடி வந்துடு, ஜோடி," என்றார் மேலாளர் ஹார்லன்.

ஜோடி என்பவள் பெர்னடெட்டுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது.

"எங்க போற? நில்லும்மா," என்றார் எல்வுட்.

"தலைவியப் பாக்கணும்."

"அதோ, நடுவுல சுத்திக்கிட்டிருக்கா. பச்சைக் காலுறை."

"கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

"பயிற்சி நடக்கறப்ப அவ புருஷன் தலைல தீப்பிடிச்சாலும் வரமாட்டா. எட்டு மணிக்கு முடியும்."

"அவ்வளவு நேரம் முடியாதுங்க. நானே போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

"ஷூவோட அந்தத் தரைல கால வெக்கக் கூடாது. சக்கரம் மாட்டிக்கிட்டாத்தான் உள்ள."

"பத்தடி தூரம்தானே!"

"பத்தடின்னாலும் சக்கரம்தான். கால் சைஸ் சொல்லு."

பத்தடிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று சைஸைச் சொன்னாள். சக்கரம் மாட்டினால் தலைக்கவசம் போட வேண்டும் என்றார் எல்வுட். தலைக்கவசத்தோடு முட்டிக்கு, முழங்கைக்கு, மணிக்கட்டுக்கு. பல்லுக்கு ஒரு ரப்பர் உறை. இவ்வளவும் மாட்டுவதற்கு முன்னால், கை கால் முறிந்தால் யாரையும் குறை சொல்ல மாட்டேன் என்ற படிவத்தில் மூன்று இடத்தில் கையெழுத்து.

கையெழுத்து வாங்க வந்தவள் மூன்று கையெழுத்துப் போட்டாள்.

பத்தடியில் ஏழடி நன்றாகத்தான் போனாள். எட்டாவது அடியில் கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போக, உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். கையிலிருந்த நோட்டீஸ் பறந்து தடத்தின் நடுவில் விழுந்தது. எட்டுப் பெண்கள், அறுபத்துநாலு சக்கரங்கள், வரிசையாக அதன்மேல் ஏறிப் போனார்கள்.

அப்புறம் யாரோ விசில் ஊத, அத்தனை பேரும் நின்றார்கள். நின்றதோடு இல்லாமல், நின்ற இடத்திலேயே ஒரு முட்டியை மடித்துத் தரையில் மண்டியிட்டார்கள். கிடங்கில் சத்தமே இல்லை.

தனக்கு ஜெபம் செய்கிறார்கள் என்று நினைத்துப் பதறி எழுந்தாள் பெர்னடெட். உடனே பதின்மூன்று பேரும் எழுந்து கை தட்டினார்கள்.

காகிதம் இன்னும் தரையில் கிடந்தது. எடுக்கலாமென்று முட்டி போட்டாள். பதின்மூன்று பேரும் திரும்பவும் மண்டியிட்டார்கள். எழுந்தாள். கை தட்டினார்கள். காகிதத்தில் பாதிதான் கையோடு வந்திருந்தது. மிச்சத்துக்காகக் குனிந்தாள். மண்டியிட்டார்கள்.

"அடியே, போதும்டி! ஒவ்வொரு தடவையும் எங்க முட்டி தேயுது!" என்றாள் முன்பல் இல்லாதவள்.

சுத்தியல் சிபில் வந்து பெர்னடெட்டின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். "விழுந்தவ எந்திரிக்கிற வரைக்கும் நாங்க முட்டி போடணும். எந்திரிச்சதும் கை தட்டணும். அதான் இங்க வழக்கம். புதுசா சேர வந்தியா?"

பெர்னடெட் விளக்கமாகப் பதில் சொன்னாள். பல்லில் ரப்பர் உறை இருந்ததால் அது வெறும் எச்சிலாக வெளியே வந்தது. சிபில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய், உறைபெட்டியிலிருந்து எடுத்த கொழுக்கட்டையைச் சூடு பண்ணிக்கொண்டு, தொலைக்காட்சியில் வானிலை பார்க்க உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். முப்பத்தெட்டு வயதில், எழுந்து நின்றதற்காக யாரும் அவளுக்குக் கை தட்டியதில்லை. பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் நாளைய வானிலை என்னவென்று அன்றைக்கு அவள் காதில் ஏறவில்லை.

காலையில் ஹார்லன் கேட்டார். "கையெழுத்து எங்க?"

சக்கரத் தடம் பதிந்த கந்தலைக் காட்ட முடியாது. "தலைவி ஊர்ல இல்ல சார்."

"அப்ப அவ வர்ற வரைக்கும் செவ்வாய், வியாழன் தவறாமப் போய்ப் பாரு. இந்தா, புது நோட்டீஸ்."

இப்படித்தான், மேலாளரின் உத்தரவின் பேரிலேயே, வாரம் இரண்டு நாள் அவள் பயிற்சிக்குப் போகும்படி ஆயிற்று.

ஆட்டம் எளிதானது. தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்டவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முந்த வேண்டும். முந்திய ஒவ்வொரு எதிராளிக்கும் ஒரு புள்ளி. மற்றவர்கள் இடுப்பாலும் தோளாலும் அவளை மறிக்க வேண்டும். பெர்னடெட்டுக்கு முந்தவும் வரவில்லை, மறிக்கவும் வரவில்லை. ஆனால் எல்லாரும் அவள்மேல்தான் மோதினார்கள். இரண்டாவது வாரம் அவளுக்கு இடிதாங்கி பெர்னி என்று பெயர் வைத்தார்கள். பயிற்சி முடிந்ததும் தெருமுனைக் கடையில் மிளகாய்க் கறி ஊற்றிய ஹாட்டாக். அங்கே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் ஐஸ் பையும் வைத்திருந்தார்கள்.

"இடிதாங்கி, அந்தச் சாஸ இப்படித் தள்ளு!"

ஜோடி என்று கூப்பிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நோட்டீஸ் பையிலேயே இருந்தது. கொடுத்தால் முப்பது நாளில் தரை போய்விடும். தரை போனால் நாற்காலி, ஐஸ் பை, கை தட்டல் எல்லாம் போய்விடும். இன்றைக்கு வேண்டாம், வியாழக்கிழமை கொடுக்கலாம் என்று நினைப்பாள். வியாழக்கிழமை வந்தால் செவ்வாய்க்கிழமை.

நாலாவது வாரம் ஹார்லன் ஒரு சின்னக் கருவியை மேசைமேல் வைத்தார். "சத்தத்த அளக்கற மிஷின். போய் அளந்து எழுதிட்டு வா. கையெழுத்து வரலன்னா இத வெச்சு காலி பண்ண வெப்போம்."

சத்தம் இருந்தால்தானே அளப்பது என்று பெர்னடெட்டுக்கு யோசனை வந்தது. அவளுக்கு வந்த யோசனைகளில் அதுதான் மோசமானது.

"இன்னிக்கு எல்லாரும் சத்தமில்லாம ஆடிப் பாத்தா என்ன?" என்றாள். "கவனம் கூடும்னு எங்கயோ படிச்சேன்."

கார்லா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "சரிதான். ஆடிப் பாப்போம்டி!"

விசிலுக்குப் பதில் சிபில் கையை ஆட்டினாள். முதுகுப் பக்கம் கண் இல்லாதவர்கள் அதைப் பார்க்கவில்லை. முன்னால் போனவர்கள் நின்றார்கள், பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பதினோரு பேர் ஒருத்தர்மேல் ஒருத்தராக விழுந்தார்கள். அடியில் கிடந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. அங்கிருந்து அவள் போட்ட ஒரே அலறலில் கருவி நூற்றுநாலு டெசிபலைக் காட்டிவிட்டு அணைந்துபோனது.

முப்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்தாள்.

"முப்பத்தெட்டா?" ஹார்லன் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம ஆபீசே அம்பதும்மா! நான் அங்க குடி போயிடலாம் போலருக்கே!"

அதோடு முடிந்துவிடும் என்று நம்பினாள். இரண்டு நாள் கழித்து ஹார்லன் அவளைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினார். அதே கிறுக்கல் கையெழுத்து, பெயர் இல்லை.

"'ஐயா, கிடங்கில் இப்போது சத்தமே வருவதில்லை. இது முன்பைவிடப் பயமாக இருக்கிறது. உடனே ஆள் அனுப்பவும்.'" கடிதத்தை மடித்தார். "எவனோ விட மாட்டேங்கறான். ஒரு வாரம் டைம். வர்ற வியாழக்கிழமை கையெழுத்தோட வரல, வெள்ளிக்கிழமை நானே போறேன். உன்னையும் சேத்து காலி பண்ணிடுவேன். புரியுதா, ஜோடி?"

பெர்னடெட் அந்தப் புகார்க்காரனைத் தேடிப் போய்க் காலில் விழுந்தாவது நிறுத்தச் சொல்லலாம் என்று கிடங்கைச் சுற்றி வந்தாள். ஒரு பக்கம் ரயில் பாதை. இன்னொரு பக்கம் பழைய டயர்க் குவியல். பின்னால் காது கேட்கும் கருவி விற்கும் கடை.

"என்ன சத்தம்?" என்றார் கடைக்காரர். "சத்தம் கேக்கறவன் எவன் எங்கிட்ட வர்றான்?"

வியாழக்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் புதியவர்களுக்குத் தேர்வு: ஐந்து நிமிடத்தில் இருபத்தேழு சுற்று. முடித்தால் அணிச் சட்டை. புதியவர் அவள் ஒருத்திதான். முதலில் நோட்டீஸைக் கொடுத்துவிடலாமென்று பையைத் திறந்தாள்.

"அப்புறம் தேடிக்க. வா தடத்துக்கு!" என்று சிபில் தள்ளிவிட்டாள்.

ஓடினாள். பத்தாவது சுற்றில் வயிறு இழுத்தது. பதினேழில் ஒரு தடவை விழுந்தாள். எல்லாரும் மண்டியிடுவதற்குள் எழுந்துவிட்டாள். இருபதில் ஹார்லன் முகம் கண்முன் வந்தது, அதைத் தோளால் ஓர் இடி இடித்துவிட்டுப் போனாள். இருபத்தாறில் ஒன்றுமே தெரியவில்லை.

"நாலு நிமிஷம் அம்பத்தெட்டு!" என்று கத்தினார் எல்வுட்.

எல்லாரும் வந்து மேலே விழுந்தார்கள். கறுப்புச் சட்டையைத் தலைவழியாக மாட்டிவிட்டார்கள். முதுகில் பெரிய எழுத்தில் இடிதாங்கி.

அந்தச் சட்டையோடேயே பைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு நோட்டீஸை எடுத்தாள். வழக்கப்படி பதின்மூன்று பேரும் மண்டியிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கை தட்டிவிடுவார்களே.

"நான் சேர வரல," என்றாள். "உங்கள காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுக்க வந்தேன். அஞ்சு வாரமா பைல வெச்சிருக்கேன். பொய் சொல்லிச் சொல்லி நாள் தள்ளிட்டேன். இனிமே முடியாது. நாளைக்கு எங்க மேலாளரே வர்றாரு."

கார்லா நோட்டீஸை வாங்கிப் படித்தாள். சிபிலிடம் கொடுத்தாள். சிபில் முன்பல் இல்லாதவளிடம் கொடுத்தாள். கார்லா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிபில் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"அழாதீங்க," என்றாள் பெர்னடெட். "சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

வாசலில் மணி அடித்தது. எல்வுட் கதவைத் திறந்தார். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கோப்புமாக ஒரு பெண் நின்றாள். தோள் நல்ல அகலம்.

"சுகாதார ஆய்வுக்கு வந்திருக்கேன். இங்க எலித் தொல்லைன்னு பேர் போடாம ஒரு புகார் வந்திருக்கு. தலைவியப் பாக்கணும்."

"இன்னொரு புகாரா?" பெர்னடெட் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, எவன்யா அது? நம்மள வாழவே விடமாட்டானா?"

எல்வுட் வந்தவளின் தோளை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, வழிவிட்டு உள்ளே வரச் சொன்னார். பிறகு பெர்னடெட் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஆள் தேவைன்னு ரெண்டு வருஷம் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினேன், ஒரு ஈ காக்கா வரல, நானே புகார் எழுத ஆரம்பிச்சப்புறம்தான் கார்லாலேருந்து உன் வரைக்கும் பதினாலு பேர் வந்தீங்க. உன்னோடத இன்னிக்குக் காலைல வாபஸ் வாங்கிட்டேன், இந்தம்மாவோடத இருபத்தேழு சுத்து முடிக்கட்டும், வாங்கிக்கறேன்."

சொல்லிவிட்டு, சுகாதார ஆய்வாளருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.