லிட்டருக்குப் பதினெட்டு

எடமலைப்பட்டி புதூர்,
திருச்சி.

மதிப்புக்குரிய சம்பந்தி வீரமலை அவர்களின் சமூகத்துக்கு, அழகர்சாமி இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பானுமதியும் உடம்புக்குச் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் நிறைமாதமாக இருக்கும் மருமகள் ஜோதியும் சுகமாக இருக்க ஸ்ரீரங்கத்துப் பெருமாளை வேண்டுகிறேன். இதை ஃபோனிலேயே விசாரித்திருப்பேன். வளைகாப்பு முடிந்த இந்தப் பதினோரு நாளில் பதினேழு தடவை கூப்பிட்டும் தாங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழுகிறது. அதை வைத்துத் தாங்கள் சுகம் என்று தெரிந்துகொண்டேன்.

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அன்றைக்கு ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் வளையல் அடுக்கி முடித்து, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகத் தாங்கள் வாடகைக் கார் கொண்டுவந்து நிறுத்தியிருந்தீர்கள். அதைத் திருப்பி அனுப்பியது நான்தான். "என் வண்டி இருக்கும்போது வாடகை வண்டி எதுக்குங்க? லிட்டருக்குப் பதினெட்டு குடுக்குது" என்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன். முப்பது வருஷத்து அம்பாசிடர் பதினெட்டா என்று தாங்கள் வாயைப் பிளந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேறு கியர்பாக்ஸ் போட்டது, சின்ன டயர் மாட்டியது, கார்புரேட்டரை மாற்றியது என்று பந்தியில் பாயசம் வருகிற வரைக்கும் விளக்கினேன். தாங்களும், "சம்பந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பெட்டிகளை என் டிக்கியில் வைத்தீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் இப்போது என்னைப் பிடுங்கித் தின்கிறது.

பெட்ரோல் முள் செத்து ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு முள் எதற்கு, கணக்கு இருக்கிறதே! டேங்கில் மிச்சம் வைக்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. ஸ்ரீரங்கத்திலிருந்து தங்கள் மணப்பாறைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை லிட்டர் போதும், பெருமாள் பேரைச் சொல்லிக் கூட அரை லிட்டர் என்று மூன்று போட்டேன். "ஃபுல்லா போட்டுக்கலாமே சம்பந்தி" என்றீர்கள். "டேங்க் நிறைஞ்சா வெயிட்டு கூடும்ங்க, மைலேஜ் அடிபட்டுப் போகும்" என்றேன். ஐந்து ஆளும் நாலு பெட்டியும் கலந்த சாதத் தூக்குகளும் ஏறியிருந்தது அப்போது என் புத்தியில் படவில்லை.

வண்டி இருமிக்கொண்டே நின்றதும் மீட்டரைப் பார்த்தேன். கிளம்பியதிலிருந்து சரியாக ஐம்பத்துநாலு கிலோமீட்டர். கணக்கு பிசகவில்லையே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்புறம் திரும்பி, "மணப்பாறையைத் தாண்டி ஒன்பது கிலோமீட்டர் வந்துட்டோம் சம்பந்தி, பேச்சு சுவாரஸ்யத்துல யாரும் கவனிக்கலை" என்றேன். பிறந்து வளர்ந்த ஊரைக் கவனிக்காமல் தாண்டிவிட்டீர்கள் என்று தங்களிடமே சொன்னேன்! பின்சீட்டிலிருந்து ஜோதிதான் மெதுவாக, "மாமா, கல்லுல மணப்பாறை ஒன்பதுன்னு போட்டிருக்குங்க. இன்னும் வரவே இல்லை" என்றது. "கல்லை மாத்தி நட்டிருப்பாங்கம்மா" என்றேன். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணிடம் போய், நடுரோட்டில், கல்லுக்காக வாதாடினேன்.

பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அங்கே வாசலில் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இங்கே தாங்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளுகிறீர்கள். பெட்ரோல் இல்லாத வண்டியைத் தள்ளி என்ன ஆகப்போகிறது? "தள்ளுங்க, அடியில கொஞ்சம் கிடக்கும்" என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி சொன்ன பாவி நான்தான். கடைசியில் சந்தைக்கு மாடு ஏற்றிப்போன லோடு வண்டிதான் நின்றது. டிரைவர் லூர்து நல்ல மனுஷர், ஜோதியையும் சம்பந்தியம்மாவையும் முன்னால் உட்காரவைத்துக்கொண்டார். தாங்களும் பானுமதியும் பின்னால், மாட்டோடு. வண்டி கிளம்பும்போதே அந்த மாடு தேங்காய்ச் சாதத்தில் வாய் வைத்ததைப் பார்த்தேன். எனக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் யாருக்குச் சுற்றுவது என்று ஒரு கணம் முழித்தார்களாம், பானுமதி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

மறுநாள் மெக்கானிக் அடைக்கலத்திடம் சண்டைக்குப் போனேன். அவர் ஸ்பானரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏண்ணே, கியர்பாக்ஸ் மாத்தின அன்னிக்கே சொன்னேன்ல, இனிமே மீட்டர் ரெண்டு கிலோமீட்டரை மூணுன்னு காட்டும்னு? சரி பண்ணிடட்டுமான்னு கேட்டேன். நீங்கதான், 'காட்டிட்டுப் போகட்டும், விடு'ன்னீங்க" என்றார்.

சம்பந்தி, அவர் சொன்னது நிஜம். முதல் வருஷம் தெரிந்தேதான் பதினெட்டு என்று சொன்னேன். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் ஆவென்று கேட்டார்கள். முப்பது வருஷம் ஆபீசில் குப்பை கொட்டினேன், நான் சொன்னதை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. சொல்லிச் சொல்லி அடுத்த வருஷம் நானே நம்பிவிட்டேன். அது நிஜத்தில் கொடுப்பது பன்னிரண்டு. எழுதும்போதே காது சுடுகிறது. என் பொய்யில் தங்கள் பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பினேனே, அதுதான் தாங்கவில்லை.

வண்டியை விற்கப்போகிறேன். இனி மைலேஜ் என்ற பேச்சே என் வாயில் வராது. தாங்கள் என்னோடு பேசவேண்டாம். குழந்தை பிறந்ததும் ஒரே ஒரு ஃபோன் போடுங்கள், பஸ்ஸில் வருகிறோம். வாசலில் நின்று பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுப் போ என்றாலும் சரி.

ஜோதிக்குச் சுகப்பிரசவம் ஆக எங்கள் மனமார்ந்த ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரம். லூர்துவைப் பார்த்தால் அவருக்கும் சொல்லவும்.

தலைகுனிந்து நிற்கும்,
அழகர்சாமி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகும் வழியில் டீக்கடையிலேயே வண்டி விலைபோய்விட்டது. வாங்க வந்தவர், "மைலேஜ் எவ்வளவுங்க குடுக்கும்?" என்றார். பன்னிரண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெஞ்சில் அதே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினெட்டு என்று வந்துவிட்டது. சாவியைக் கொடுத்த பிறகுதான் எந்த ஊர் என்று கேட்டேன். மணப்பாறையாம். பேர் சித்தார்த்தன். தங்கள் தம்பி மகனாம், வளைகாப்பன்று பெங்களூரில் இருந்தாராம். "பெரியப்பா வீட்டுக்குத்தாங்க நேரா போறேன், ஏதாவது குடுக்கணுமா?" என்று கேட்டதால் இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். இங்கிருந்து முப்பத்தாறு கிலோமீட்டர்தானே என்று இரண்டேகால் லிட்டர் போட்டுக்கொண்டிருக்கிறார். சரியான கணக்குப்படி அதே ஒன்பதாவது கல்லில் நிற்கும். ஆகையால், இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்றால், தயவுசெய்து ஒரு கேன் பெட்ரோலோடு அந்தக் கல்லுக்கு வரவும்.